கருவிப் பெட்டிக்குள் வைத்த சந்தனம்

எங்கள் தம்பி இவ்வுலகை நீத்து ஓராண்டு நிறைவுறுகிறது. இந்நினைவு மலரைக் கையிலேந்தும் உறவினரும் நண்பரும் அவரை இரயில் பட்டறையின் வரைபடப் பிரிவில் பொறுப்பு வகித்தவராக அறிவீர்கள். ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்காராதவர் என்றும் அறிவீர்கள். உண்ணும்போதும் அவருடைய ஒரு முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் அவர் அந்தப் பதவியை அடைந்த வழி உங்களில் பலருக்குத் தெரியாது. அம்மா இருக்கும்வரை அதை வெளியிடலாகாது என்று என்னிடம் அவர் வாக்குறுதி பெற்றிருந்தார். அம்மாவும் இப்போது இல்லை. ஆகவே எழுதத் துணிகிறேன்.

பந்திங்கை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில் தம்பி பிறந்தார். பின்னர் அப்பா தோட்டத்தை விட்டுக் கம்பிச்சடக்கு எனும் இரயில்பாதை வேலைக்கு வந்து, தண்டவாளத்தின் அடியில் சல்லி குத்தும் கூட்டத்தில் சேர்ந்தார். அதனால் பிரிக்பீல்ட்ஸில் எங்களுக்கு ஓர் அறை கிடைத்தது. ஐரோப்பிய யுத்தம் முடியும் தறுவாயில் பரவிய விஷக்காய்ச்சல் அப்பாவைக் கொண்டுபோயிற்று. அவருடைய இடத்தில் நான் சல்லி குத்தச் சென்றேன். தம்பியை மட்டும் அந்தப் பக்கமே அனுப்பமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றார்.

"ஒரு வீட்டுல ரெண்டு முதுகு வளைஞ்சாச்சு. போதும்" என்பார்.

ஆங்கிலப் பள்ளியை முடித்துத் தம்பி பட்டறையில் பயிற்சி மாணவரானார். இலண்டனிலுள்ள ஒரு சபை நடத்தும் பொறியியல் பரீட்சையில் தேறினால் வரைபடப் பிரிவில் இடமுண்டு. முதல் தடவை அவர் தவறினார். மறுமுறையும் தவறினால் பயிற்சியிலிருந்து நீக்கிவிடுவார்கள். பிறகு சல்லிக் கூட்டம்தான் கதி.

அந்த மறுமுறைப் பரீட்சை விஜயதசமியன்று காலையில் வந்து வாய்த்தது. முதல் நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களும் கருவிகளும் பூஜையில் இருக்கும். மறுநாள் கற்பூரம் காட்டும்வரை ஒருவரும் தொடலாகாது.

"நாளைக்குப் பரீட்சைம்மா! இன்னிக்குப் புத்தகத்தைத் தொடாதேன்னா எப்படி?"

"வருஷம் பூரா நீதானேடா தொட்டே? இன்னிக்கு ஒரு நாள் அவ தொடட்டும்" என்று அம்மா புத்தகங்களை வாங்கிக்கொண்டார்.

தம்பி வீட்டில் தரிக்கவில்லை. ஸ்டேஷன்வரை நடப்பார், திரும்புவார், மறுபடியும் நடப்பார். பாதையோரம் கொடிபிடித்து நின்ற ஊழியர் ஒருவர், "என்னா தம்பி, இஞ்சின் கெட்டுப்போச்சுன்னு நீங்க ஓடுறீங்களா?" என்று கேலி செய்தார். தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் அவ்வாறு அலைந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா ஒரு காரியம் செய்தார். எல்லாரும் கருவிப் பெட்டியின் மேல் ஒரு பொட்டு வைப்பார்கள். நம் பிள்ளைக்கு அது போதுமா என்று அவருக்கு ஐயம். பெட்டியைத் திறந்து, கவராயம், மைப்பேனா, ஸ்லைட் ரூல் எனும் கணக்குக்கோல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்து, பெட்டியை மூடிவிட்டார். விடியலில் கற்பூரம் ஒத்திக்கொண்ட தம்பி அதைத் திறந்து பாராமலே எடுத்துச் சென்றார்.

பரீட்சை மண்டபத்தில் நிகழ்ந்ததைத் தம்பியும், அவரோடு பயின்று அவருக்கு அடுத்த மேசையில் எழுதிய அந்தோணியும் கூறியபடி எழுதுகிறேன். தம்பி பெட்டியைத் திறந்தார். சந்தனம் காய்ந்து பசையாக இறுகியிருந்தது. வழுக்கி ஓடவேண்டிய கணக்குக்கோலின் நடுச்சட்டம் அசையவில்லை. மைப்பேனாவின் முனை அடைத்துக் கிடந்தது.

அந்தோணி கிசுகிசுத்தார்: "எச்சி தொட்டுத் துடைடா!"

"அம்மா வச்சதுடா."

"அப்ப உன் அம்மாவையே வந்து எழுதச் சொல்லு."

நகத்தால் சுரண்டியபோது குங்குமம் உதிர்ந்து வரைதாளில் விழுந்தது. வியர்த்த கையால் தம்பி அதைத் தட்டிவிட, தாளின் ஓர் ஓரம் செக்கச்செவேலென்று தீற்றிக்கொண்டது. ஒருவருக்கு ஒரே தாள். மாற்றுத் தாள் கிடையாது. மேற்பார்வையிட்ட வெள்ளைக்காரத் துரை விரைந்து வந்து, "எங்கே அடிபட்டது?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

"அடியில்லை ஐயா, என் அம்மா" என்றாராம் தம்பி.

துரை அவரையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சென்று, தாம் குடிக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளர்த் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார்.

கருவிகளைக் கழுவித் துடைப்பதற்குள் மற்றவர்கள் பாதிப் படம் வரைந்திருந்தார்கள். செங்கல் கட்டடத்தின்மேல் அமர்ந்த நீராவிக் கொதிகலனை வரைவதே அன்றைய வினா. இயந்திரப் படங்களில் இரும்புக்குச் சாம்பல் நிறமும், பித்தளைக்கு மஞ்சளும், செங்கல்லுக்குச் சிவப்பும் தீட்டுவது மரபு. தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு செங்கற்சுவர் சரியாக அந்தக் குங்குமக் கறையின்மேல் வந்து அமையும்படி படம் முழுவதையும் ஓரமாகத் தள்ளி வரைந்து, சுவருக்குச் சிவப்புத் தீட்டினார். நனைந்த மரக் கணக்குக்கோல் உப்பி, அப்போதும் ஓடவில்லை. கணக்குகளைக் கையாலேயே போட்டார். மணி அடித்தபோது கடைசி வினா எழுதப்படாமலே நின்றது.

பெட்டி ஏன் நனைந்திருக்கிறது என்று அம்மா கேட்டபோது, மழை என்றார். அன்று மாலை ஆற்றங்கரைப் பக்கம் என்னை அழைத்துச் சென்று யாவற்றையும் சொன்னார்.

"பெயிலானா சல்லி குத்தலாம் அண்ணே. அதுக்குப் பயமில்லே. ஏன் பெயிலானேன்னு அம்மா கேப்பாங்களே! ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் தெரிஞ்சிடும். அப்புறம் அவங்க சாமி முன்னாலயே நிக்கமாட்டாங்க."

விடைத்தாள்கள் கப்பலேறி இலண்டன் சென்று முடிவு வர மாதங்கள் பல ஆகும். அம்மாதங்களில் தம்பி பட்ட பாடு சொல்லுந்தரமன்று. ஞாயிறுதோறும் கிள்ளானுக்கு ரயிலேறி, அங்கிருந்து துறைமுகத்துக்குப் போய்க் கப்பல்களைப் பார்த்து நிற்பார். முடிவு எந்தக் கப்பலில் வருமென்று அவருக்குத் தெரியாது. பார்த்தால் மட்டும் என்ன ஆகும் என்பதும் தெரியாது. "பரீட்சை எழுதினவன் கப்பலை ஏன்டா முறைக்கிறே?" என்று அம்மா கேட்பார். இதற்கிடையில் அந்தோணி வீட்டுக்கு வந்து, சுண்டலைத் தின்றுகொண்டே, "அம்மா, உங்க சந்தனம் இருக்கே, அசல் சரக்கு! ஒட்டினா விடாது" என்பார். தம்பிக்குப் புரையேறும். அம்மாவோ மகிழ்ந்து இன்னும் ஒரு கரண்டி சுண்டல் போடுவார்.

ஒருநாள் பட்டறையில் தம்பியை அழைத்து, தேறிவிட்டதாக அறிவித்தார்கள். இரண்டாம் வகுப்பு. அவர் அங்கிருந்து வீடுவரை ஓடியே வந்தார்.

அம்மா அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா பெரியவனே? எல்லாரும் மேலோட வைப்பாங்க. நான் திறந்து ஒண்ணொண்ணுக்கும் வச்சேன்."

தம்பி அவர் காலில் விழுந்து, "ஆமாம்மா, அதனாலதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லால் விளைந்ததை நீங்கள் அறிவீர்கள். காரணத்தை மட்டுமே அறியமாட்டீர்கள். அம்மா அதை இரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதும் சொல்லிவைத்தார். அடுத்த ஆண்டு முதல் பயிற்சி மாணவர்களின் தாய்மார் அனைவரும் பெட்டியைத் திறந்து, உள்ளே சந்தனம் அப்பத் தொடங்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு விஜயதசமி விடியலிலும் தம்பி ஒரு சொம்புத் தண்ணீரும் தூரிகையும் துணியுமாக வீடு வீடாகச் சென்று, கருவிகளைச் சரிபார்க்க வந்தேன் என்று கூறி, ஒருவருக்கும் தெரியாமல் சந்தனத்தைக் கழுவிக் கொடுத்து வந்தார். அத்துடன் பாடத்திலும் ஐயம் தீர்த்துவிட்டு வருவார். அவ்வாறு தேறியவர்கள் இன்று கிள்ளான்வரை வேலையில் இருக்கிறார்கள். முன்பே தேறிய மூத்தவர் என்ற முறையில் தம்பி வந்து ஆசி கூறுகிறார் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

சென்ற ஆண்டு நெஞ்சுச்சளியும் காய்ச்சலும் அவரைப் படுக்கையில் தள்ளின. படுத்தும் அவர் மனம் அடங்கவில்லை.

"நவராத்திரி வருது அண்ணே. யாரு போவா?"

"நான் போறேன்."

"ஸ்லைட் ரூலை ஊற வச்சிடாதீங்க. ஈரத்துணி மட்டும். ஊறினா உப்பிக்கும்."

"சரிடா."

"முனையைக் குத்திடாதீங்க."

"சரிடா, தூங்கு."

இதையே மறுநாளும் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். நவராத்திரிக்கு முன்பே காலமானார்.

அவருடைய நோய்க்காலத்தில் இராக்கண் விழித்த பட்டறைத் தோழர்களுக்கும், நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அந்தோணி குடும்பத்தாருக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தோருக்கும், இன்று செராஸ், கிள்ளான், பந்திங் ஆகிய இடங்களிலிருந்து வந்து கூடிய உறவினருக்கும், பெயர் அறியப்படாத அந்தத் துரைக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது.

தாய்மார்களே, பெட்டிக்கு மேலே வைத்தால் போதும் என்று தம்பி உங்களில் ஒருவரிடமும் கூறியதில்லை. நானும் கூறமாட்டேன். உங்கள் மனம்போல் வையுங்கள். வருகிற விஜயதசமியன்று விடியலில் கதவைத் தாழிடாமல் இருங்கள்.

இங்ஙனம்,
அண்ணன்
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்