ஃபோர்நூன் பொங்கல்

மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. குறித்த நாளில் அசல் சான்றிதழ்களோடு கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று இருந்தது. தேதிக்குப் பக்கத்தில் மணி இல்லை. எஃப்.என். என்று இரண்டு எழுத்து மட்டும். நான் எட்டாவதோடு நின்றவன். மகளுக்கும் விளங்கவில்லை. ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டேன். "ஃபோர்நூன்" என்றார், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஃபோர் என்றால் நாலு. நூன் என்றால் மத்தியானம். பள்ளிக்கூடத்தில் நூன் மீல் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது? நாலு மணி என்று முடிவு கட்டினேன். இடம் கிடைத்தால் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டியிருந்தேன். குறித்த நாள் வெள்ளிக்கிழமை வேறு. காலையில் பொங்கல், மத்தியானம் பஸ். அம்மனே நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று மனம் நிறைந்துபோனது.

அன்று விடிந்ததும் எங்கள் மலையூர் அம்மன் கோயில் முன்னால் மூன்று கல் கூட்டினேன். பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"இன்னாங்க, நாலு மணிக்கு எந்த ஆபீசுல ஆளு இருப்பாங்க? டீ குடிக்கப் போயிருப்பாங்க."

"ஃபோர்னா நாலுதான். கடைக்காரரே சொன்னாரு."

"நூன்னா?"

"மத்தியானம்."

"நாலு மணிக்கு எந்த வூட்டுல மத்தியானம்? எங்கம்மா வூட்டுலயே ரெண்டுக்கு மேல போனா உங்களுக்கு சோறு கெடையாது."

சிரித்த மகளின் முகம் சட்டென்று மாறியது. "யப்பா, எனக்கு பயமா இருக்குது. இப்பவே போயிடலாம்."

வேண்டுதலைப் பாதியில் விட்டுப் போவதா? கை ஓடவில்லை. கற்பூரம் மட்டும் ஏற்றி, "தாயே, இவளைக் கரை சேர்த்துட்டு வந்துடுறேன், பொறுத்துக்கோ" என்று விழுந்து கும்பிட்டேன். வெறும் பானையை அம்மன் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு மூவரும் முதல் பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கினோம்.

பத்தரைக்கெல்லாம் வரிசையில் நின்றோம். சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்து முத்திரை குத்தினார் அங்கிருந்தவர். ஃபோர்நூன் என்றால் எத்தனை மணி என்று மெல்லக் கேட்டேன்.

"பன்னெண்டுக்கு முன்னாடிங்க. பன்னெண்டு அடிச்சா லிஸ்டை மூடிடுவோம்."

நான் சுவரில் கடிகாரத்தைத் தேடினேன். மனைவி என்னைப் பார்க்காமல் மகளின் தலையைக் கோதிவிட்டாள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போனோம். அதே மூன்று கல், அதே பானை. பால் பொங்கி வழிந்தபோது மகள் செல்போனைப் பார்த்தாள். மணி நாலு.

"உங்க ஃபோர்நூன் வந்துடுச்சுங்க" என்றாள் மனைவி.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே அம்மனுக்கு முதல் கரண்டியை எடுத்துவைத்தேன்.