பதினேழு இடத்தில் இருந்த தாமதம்

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். நாற்பத்தொரு வயதில் பகுதிநேர ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். வெவ்வேறு ஊர்களில் இருக்கும் சர்வர்களுக்கு வேலைகளை எப்படிப் பங்கிட்டுக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்பதுதான் என் தலைப்பு. நிஜமாகச் சோதித்துப் பார்க்க ஆயிரம் சர்வர் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு லேப்டாப். அதனால் ஆயிரம் சர்வரையும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கையும் லேப்டாப்புக்குள்ளேயே பாவனையாக ஓட்டிப் பார்க்க, ஒரு சிமுலேஷன் டூல்கிட்டை நானே எழுதினேன். இரண்டு வருஷம் ஆனது. என் பங்கீட்டு முறை மற்ற எல்லா முறைகளையும் சுலபமாக ஜெயித்தது.

என் கைடு திருநெல்வேலியில் இருந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஒரு சனிக்கிழமை முடிவுகளைப் பார்த்துவிட்டு, "நெட்வொர்க் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டி ஓட்டிப் பாருங்க மேடம். ஊருக்கு ஊர் தூரம் மாறுமே," என்றார்.

"திங்கக்கிழமை அனுப்புதேன் சார்," என்றேன்.

பதினோரு நாள் ஆகியும் அனுப்ப முடியவில்லை. தகவல் போய்ச்சேர ஆகும் அந்தத் தாமதத்தை ஒரே இடத்தில் எழுதியிருப்பதாக நினைத்திருந்தேன். தேடத் தேடப் பதினேழு இடத்தில் இருந்தது. சர்வரைப் பற்றிய பகுதியில், வேலையைப் பங்கிடும் பகுதியில், முடிவுகளை அச்சிடும் பகுதியில்கூட. ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெட்டது. ஒரே சோதனையை இரண்டு தடவை ஓட்டினால் இரண்டு விடை வந்தது. அப்படியென்றால் இதுவரை நான் காட்டிய விடைகள்?

டூல்கிட்டை முதலிலிருந்து எழுதப்போவதாகக் கைடுக்குப் போனில் சொன்னேன்.

"பதிவுக்காலம் முடிய ஒரு வருஷம்தான் இருக்கு மேடம். அங்கங்க சரிபண்ணி ஒப்பேத்திரலாமே?"

"ஒப்பேத்துனா எனக்கே நம்பிக்கை வராது சார்."

என் கணவர் விசைத்தறி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எத்தனை மாசம் ஆகும்?" என்றார்.

"ஆறு."

"அப்போ காலைச் சாப்பாடு எம்பொறுப்பு. நீ அந்நேரம் உக்காந்து எழுது."

மறுநாளே உப்புமா கிண்டினார். ஆறு மாசமும் பெரும்பாலும் உப்புமாதான்.

முதல் வாரம் லேப்டாப்பைத் தொடாமல் நோட்டில் வரைந்தேன். நான்கு அடுக்கு. எல்லாவற்றுக்கும் அடியில் கடிகாரம். எந்த நிகழ்ச்சி எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்ற வரிசை மட்டும்தான் அதற்குத் தெரியும். அதன்மேல் நெட்வொர்க், தாமதம் இனி அங்கே மட்டும்தான் இருக்கும். அதற்கும் மேலே சர்வர்கள். உச்சியில், எந்த வேலையை எந்தச் சர்வருக்குக் கொடுப்பது என்ற விதி. ஓர் அடுக்கு தனக்கு நேர் கீழே இருப்பதிடம் மட்டும் கேட்கலாம். தாண்டிப்போய்க் கேட்கக் கூடாது. கீழே இருப்பதற்கு மேலே இருப்பது என்னவென்றே தெரிய வேண்டாம்.

நான்காவது மாதம் எல்லாம் ஓடியது, ஆனால் ஆமை வேகத்தில். பழையதில் பத்து நிமிஷத்தில் முடிந்த சோதனைக்கு இதில் நாற்பது நிமிஷம். நாள் குறைந்துகொண்டே வந்தது. பொறுமை இழந்து என் சட்டத்தை நானே மீறினேன். சர்வரைக் கேட்காமல், இந்த வேலை இத்தனை மணிக்கு முடியும் என்று விதியே நேராகக் கடிகாரத்தில் எழுதிவிடும்படி ஒரு குறுக்குவழி போட்டேன். வேகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் துறையிலேயே கடையநல்லூரிலிருந்து வரும் ஆசிரியை ஒருத்தி இருந்தாள். அவளும் ஆராய்ச்சி செய்தாள். சர்வர்கள் திடீரென்று நின்றுபோனால் என்ன ஆகும் என்பது அவள் கேள்வி. என் டூல்கிட்டை வாங்கிப்போய், என் விதியைப் பார்த்துத் தன் விதியை எழுதியிருந்தாள். ஒரு மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, இந்தச் சர்வர் நின்னு போச்சு. ஆனா இதுல குடுத்த வேலை முடிஞ்சிருச்சுன்னு காட்டுது. எங்கிட்டதான் தப்பா?"

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "உங்கிட்ட இல்ல. நான் போட்ட குறுக்குவழி, சர்வர் நின்னுச்சான்னு கேக்காது," என்றேன். அவள் முன்னாலேயே அதை அழித்தேன். முகம் சூடாக இருந்தது.

மந்தத்துக்கு நிஜமான காரணத்தைத் தேட மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு தகவல் போகும்போதும் நடந்ததைக் குறித்துவைக்கும், யாரும் படிக்காத ஒரு பதிவு வரியை டூல்கிட் தயார் பண்ணிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியதும் நாற்பது நிமிஷம் பன்னிரண்டானது.

பிறகுதான் தாமதத்தைக் கூட்டினேன். ஒரே இடத்தில் ஓர் எண். இரண்டு தடவை ஓட்டினேன், ஒரே விடை. சந்தோஷப்பட முடியவில்லை. தாமதம் ஓர் அளவைத் தாண்டியதும் என் முறை, எல்லாரும் கையாளும் பழைய முறையிடம் தோற்றது. அன்றைக்குக் கணவரின் உப்புமா அப்படியே ஆறிப்போனது.

"முந்தி காட்டுனது சரியில்ல சார்," என்று கைடிடம் சொன்னேன். "தூரம் கூடுனா என் முறை தோக்குது."

"எந்த இடத்துல தோக்குதுன்னு சொல்ல முடியுமா?"

"சரியா சொல்லுதேன்."

"அப்போ அதையே ஓர் அத்தியாயமா எழுதுங்க மேடம்."

எழுதினேன். காலக்கெடுவுக்குப் பத்தொன்பது நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், ஜெயித்த பக்கங்களைப் புரட்டிவிட்டு, தோற்ற அத்தியாயத்தில் நின்று அரைமணி நேரம் கேள்வி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வெளியே காத்திருந்த கடையநல்லூர்க்காரி, தன் சோதனைகளும் முடிந்துவிட்டதாகச் சொன்னாள்.

"மேல் அடுக்கு மட்டும்தான் எழுதுனேன் அக்கா. கீழ மூணையும் திறந்துகூடப் பாக்கல."