தங்கச்சியைக் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு பெப்ரவரி மாதக் காலை. மொன்றியலில் நாங்கள் குடியிருக்கும் கார்ட்டியர்வில் பக்கத்தில் முதல் நாள் மழை பெய்து, அப்படியே உறைந்து, நடைபாதையெல்லாம் கண்ணாடியாகக் கிடந்தது. பஸ் எடுக்கப் போன என் நண்பரின் மனைவி அதில் சறுக்கி விழுந்துவிட்டார். மட்டக்களப்பிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நண்பர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஃபோனை லொக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால் நொண்டி நொண்டி வீட்டுக்குத் திரும்பியவர் எனக்கு ஃபோன் எடுத்தார். நான் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே சொல்கிறேன்.

என்னைக் கூப்பிட்டதில் அதிசயமில்லை. எங்கள் கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் பிரெஞ்சில் கடிதம் வந்தாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். நான் திருகோணமலையிலிருந்து நேரே இங்கே வந்தவனில்லை. சுவிஸில் ஒன்பது வருடம் உணவகச் சமையலறைகளில் உழைத்துவிட்டு வந்தவன். ஜெர்மன் தெரியும், இத்தாலியன் கொஞ்சம், ஆங்கிலம் பரவாயில்லை, பிரெஞ்சு இங்கே வகுப்புக்குப் போய்ப் படித்தது. நாலு பாஷை தெரிந்த ஆள் என்று ஒரு பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை.

உண்மையில் நாலு பாஷையும் சேர்ந்து என்னைக் குழப்பியதுதான் அதிகம். சுவிஸுக்குப் போன புதிதில், இத்தாலிக்காரச் சமையல்காரர் ஒரு சட்டியைக் காட்டி 'கால்டோ' என்றார். ஜெர்மனில் 'கால்ட்' என்றால் குளிர். ஆறிவிட்டதாக்கும் என்று வெறுங்கையால் தூக்கினேன். இத்தாலியனில் அது சூடு என்று தெரிந்துகொள்ள இரண்டு கிழமை கையில் கட்டுப் போட வேண்டியிருந்தது. 'புர்ரோ' இத்தாலியனில் வெண்ணெய், ஸ்பானிஷில் கழுதை. ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு, ஜெர்மனில் நஞ்சு. மொன்றியலுக்கு வந்த முதல் கிழமை, ஆங்கிலத்தில் வலிக்கு எழுதும் 'pain' என்ற அதே நாலு எழுத்தை ஒரு கடைப் பலகையில் கண்டு, மருந்துக்கடை என்று நினைத்து உள்ளே போனேன். பாண், அதாவது ரொட்டி, அடுக்கி வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் அதுதான் பாணுக்குச் சொல். சரி, பிரெஞ்சு பிடிபட்டுவிட்டது என்று இருந்தால், பிரான்ஸ் புத்தகத்தில் மத்தியானச் சாப்பாடு என்று படித்த 'தெஜெனே' இங்கே காலைச் சாப்பாடாம். கூப்பிட்ட வீட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றேன். அவர்கள் பாத்திரம் கழுவி முடித்திருந்தார்கள். இப்படிப் பட்டதையெல்லாம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி, ஜாக்கெட் பையிலேயே வைத்திருப்பேன்.

அன்றைக்கும் அந்தக் கொப்பியோடுதான் தங்கச்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் இடுப்பை அழுத்திப் பார்த்துவிட்டு, 'ரேடியோ' எடுப்போம் என்றார். பிரெஞ்சில் எக்ஸ்ரேயையும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குத் தெரிந்திருந்ததால் பெருமையோடு தங்கச்சிக்கு விளக்கினேன். அவர் முகம் மாறியது.

"இது எடுக்கத்தான் வேணுமா அண்ணா?"

"பயப்படாதீங்க தங்கச்சி, ஒண்டும் நோகாது."

"அவர் வந்தாப் பிறகு எடுப்பமே."

அவர் வர பின்னேரமாகிவிடும், எலும்பு வெடித்திருந்தால் என்ன செய்வது என்றேன். அவர் நொண்டியபடி என் பின்னால் வந்தார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மெஷினைக் கண்டால் பயம்தானே என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

எக்ஸ்ரே அறையில் இருந்தவர் ஒரு நடுவயதுப் பெண். தங்கச்சியைப் பார்த்து ஏதோ கேட்டார். 'ஆன்சேன்த்' என்ற சொல் காதில் விழுந்தது. பிள்ளை உண்டாகியிருக்கிறீர்களா என்று கேட்கிறார். இதை நான் எப்படித் தங்கச்சியிடம் கேட்பது? நண்பரின் மனைவி. கூடப் பிறந்த தங்கையிடமே நாங்கள் இப்படி வாய்விட்டுக் கேட்க மாட்டோம். அப்படி ஏதாவது இருந்தால் நண்பர் எனக்குச் சொல்லாமல் இருப்பாரா? நான் தங்கச்சியின் பக்கம் திரும்பவேயில்லை. "நோன்", இல்லை, என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் ஏன் தயங்கி நிற்கிறார் என்று அந்தப் பெண் கேட்டதற்கும், "சும்மா பயம்" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, "நான் உங்களைக் கேட்கவில்லை, ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னார். கதவைத் திறந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. காரிடாரில் கதிரையில் உட்கார்ந்து கொப்பியைப் புரட்டினேன். எந்தச் சொல்லில் பிழை விட்டேன்? 'ஆன்சேன்த்' என்பதற்கு நான் எழுதி வைத்திருந்த கர்ப்பிணி சரிதானா? ஃபோனில் அகராதியைத் திறந்தால் அதே சொல்லுக்குச் சுற்றுமதில் என்றும் போட்டிருந்தது, ஒலிபெருக்கி என்றும் போட்டிருந்தது. தலை சுற்றியது. மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டேன் என்று கோபமா? ஃபோனை நிற்பாட்டச் சொன்னாரா? நான் பாட்டுக்கு நோன் என்று சொல்லிவிட்டேனா?

அப்போது கதவுக்குள்ளிருந்து தமிழ் கேட்டது. ஒரு பெண்ணின் குரல், ஸ்பீக்கரில் வருகிற மாதிரி. மொழிபெயர்க்கிறவர் ஒருவரை ஃபோனில் பிடித்திருக்கிறார்கள். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எதற்கு இன்னொரு ஆள்? ரோஷமும் குழப்பமும் சேர்ந்து, எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே தங்கச்சி விம்மி அழுவது கேட்டது. ரோஷமெல்லாம் பறந்து, கதவருகே போய் நின்றேன்.

கதவு திறந்தது. அந்தப் பெண் தங்கச்சியின் தோளைப் பிடித்து நடத்தி வந்தார். என்னிடம் சொன்னது, இன்றைக்கு எக்ஸ்ரே இல்லை, டாக்டர் திரும்பப் பார்ப்பார் என்பது மட்டும்தான். டாக்டரின் அறைக்கும் அந்த ஃபோன் குரலைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். எலும்பு வெடித்த மாதிரித் தெரியவில்லை, நல்ல அடி, படுத்து ஆறட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

காரில் ஏறிய பிறகும் நான் வண்டியை எடுக்கவில்லை. தங்கச்சிதான் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

"ரெண்டு மாசம் அண்ணா. போன முறை ஊரில எல்லாருக்கும் சொன்னம், பிள்ள நிக்கல்ல. மூண்டு மாசம் முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்றல்ல எண்டு நானும் அவரும் பேசி வெச்ச."

கதவைச் சாத்தியதும் அந்த எக்ஸ்ரே அக்கா தன் வயிற்றைத் தொட்டு, கையைத் தொட்டில் போல ஆட்டிக் காட்டிக் கேட்டாராம். இவர் அதிலேயே விளங்கித் தலையாட்டியிருக்கிறார், பிறகுதான் ஃபோனில் ஆள் பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் என்னிடம் ஏன் அந்த எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாது என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும். என்மேல்தான் கோபம்.

"நீங்க பாஷ தெரிஞ்ச ஆள். அவங்களுக்கிட்ட எல்லாத்தையும் விசாரிச்சிட்டுத்தான் சொல்றீங்க எண்டு நெனச்சன்."

இதைவிட அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சொல்லில் நான் ஒரு பிழையும் விடவில்லை. அந்தச் சொல்லுக்கு நான் எழுதி வைத்திருந்த அர்த்தம் சரி, நான் சொன்ன பிரெஞ்சும் சரி. ஆனால் அவர் வயிற்றைப் பற்றி அவரைக் கேட்காமல் நான் பதில் சொன்னேன். ஒரு படம் எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிராது என்று பிறகு சிலர் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஏற்கெனவே ஒன்றை இழந்தவர். ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நான்தான் காரணம் என்று சாகும் வரைக்கும் நினைத்திருப்பேன். அவரும் நினைத்திருப்பார், வெளியே சொல்லாமல்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி ஏசினார். பொம்பிளைகளின் விஷயத்துக்கு ஒரு பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு போகத் தெரியாதோ என்றார். நியாயம்தான். இப்போதும் ஆட்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். உள்ளே போவதற்கு முன், நான் பக்கத்தில் இருக்கிறதா, இல்லை ஃபோனில் ஆள் பிடித்துத் தரச் சொல்கிறதா என்று அவர்களையே கேட்பேன். இருக்கச் சொன்னால், எவ்வளவு கூச்சமான கேள்வி என்றாலும் அப்படியே அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

தங்கச்சியின் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. என்னைக் கண்டால் மாமா என்று ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அவளைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும், இந்தப் பிள்ளையைத்தான் நான் ஒருத்தரையும் கேட்காமல் இல்லை என்று சொன்னேன் என்பது நினைவுக்கு வந்து, மனம் கூசிப்போகிறது.