இரண்டு விரல் கதவு

கார்க் கதவை அறைந்து சாத்துகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மெல்லச் சாத்துவதாகப் பெருமையடித்துவிட்டு அறைகிறவர்களைக் கண்டால் அறவே ஆகாது. என் அத்தான் இரண்டாவது ரகம்.

அக்காவைக் கட்டியவர். இருபது வருஷத்துக்கு மேல் வளைகுடாவில் யாரோ ஒரு அரபியின் வண்டிகளை ஓட்டினார். போன் எடுத்தால் கதவுப் புராணம்தான்.

"ரெண்டு வெரலு போதும்ட்டீ. லேசாத் தள்ளுனா ஒரு மூச்சு விடும், தானா மூடிக்கிடும். ஒன்னய அப்பிடி ஒரு கதவுக்குள்ள ஒக்கார வைக்கேனா இல்லையா பாரு."

அக்கா தென்காசி மினிபஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடியே அந்த வாக்கை இத்தனை வருஷமும் சுமந்தாள். வேறெதுவும் அவள் கேட்டதில்லை.

ஊரோடு வந்து சேர்ந்ததும் அத்தான் ஒரு பழைய அம்பாசடரை வாங்கி, மேலகரத்தில் ஒரு ஷெட்டில் விட்டார். துருவைச் சுரண்டி, தகரத்தை ஒட்டி, புதுசாக்க வேண்டும். டிங்கர் வேலை பார்த்த அண்ணாச்சி, பாவூர்சத்திரத்துக் காய்கறி டெம்போக்களை நிமிர்த்திக் கைபழகியவர். முட்டைக்கோசுக்குக் கதவு எப்படி மூடினால் என்ன? ஆனால் இந்த வண்டியில் அவர் வேறு ஆள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை நறுக்கி மூன்றாய் மடித்து, கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே இருக்கும் சந்தில் மேலிருந்து கீழாக ஓட்டுவார். அட்டை எங்கேயும் சிக்கக்கூடாது, எங்கேயும் ஆடக்கூடாது. அந்தச் சந்து ஒரே கனத்தில் ஓடும்போது, கண்ணோரம் இழுத்த மை மாதிரி, வண்டிக்கு முகம் வந்துவிடும்.

வண்டி அப்போது நான்கு கருங்கல் மேல் நின்றது. சக்கரம் கிடையாது. இன்ஜின் மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது.

"சக்கரம் தரையில ஊனட்டும், இன்ஜின் ஏறட்டும்" என்றார் டிங்கர் அண்ணாச்சி. "பாரம் ஏறுனா ஒடம்பு அமுங்கும். அதுக்குப் பெறவு கதவப் பொருத்துவோம். பெயிண்டு கடேசில."

"ஆடி பொறக்கப் போவுதுவே. ஆடில எவனாது நல்ல காரியம் செய்வானா? எல்லாம் ஆனிக்குள்ள முடியணும்" என்றார் அத்தான்.

முடிந்தது. கல் மேலேயே கதவுகள் பொருந்தின, கல் மேலேயே சந்தன நிறம் ஏறியது. சிவகிரியிலிருந்து அத்தானின் சொந்தங்கள் பார்க்க வந்தார்கள். போலீசில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் பத்தடி தள்ளி நின்று, "ஃபேக்டரியில இருந்து எறங்குனாப்ல இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். கால் இல்லாத வண்டிக்கு நடை அழகு என்று சான்றிதழ். நானும் யோக்கியனில்லை. அண்ணாச்சியின் எச்சரிக்கையைக் காதில் வைத்துக்கொண்டே, அட்டையை ஓட்டிப் பார்த்துச் சொக்கி நின்றேன்.

ஆனி கடைசி நாள். இன்ஜின் ஏறியது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கல்லை உருவி இறக்கியதும் வண்டி முனகி, பெருமூச்சோடு உட்கார்ந்தது. அக்கா பட்டுச்சேலையில் பின் சீட்டில் ஏறினாள். அத்தான் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு விரலால் தள்ளினார்.

கதவு வந்தது, நின்றது. உள்ளங்கையால் தள்ளினார். பிறகு இடுப்பால். கடைசியில் அறைந்தார். மேல்விளிம்பில் பெயிண்ட், வெட்டிய நகம் போல் தெறித்தது. கீழே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து வாய் பிளந்திருந்தது.

"புதுக் கதவு. இறுக்கமாத்தான் இருக்கும், மாப்ள. மழைக்கு நல்லது" என்று அத்தான் என் பக்கம் திரும்பினார்.

தப்புச் செய்கிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம். தப்புக்குப் பொட்டு வைத்துப் பூச்சூட்டுகிறவனை என்ன செய்ய? கதவைக் கழற்றித் திரும்பப் பொருத்தலாமே என்றால், அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஆடி முடியட்டும்."

ஆடி என்றால் குற்றாலத்தில் சாரல். ஐந்தருவிக்குப் போனோம். மழைக்கு நல்ல அந்தக் கதவு, போகும்போதே இரண்டு தடவை தானாகத் திறந்தது. அக்கா கைப்பிடியில் துண்டைக் கட்டி, வழியெல்லாம் இழுத்துப் பிடித்து வந்தாள். கீழ்ச்சந்து வழியே வந்த தண்ணீரில் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. மினிபஸ்ஸில் கம்பி, இதில் துண்டு. திரும்பும்போது ஒரே வார்த்தை சொன்னாள்.

"ஷெட்டுக்கு விடுங்க."

"ஆடில..."

"ஆடிக்கு நா பதில் சொல்லிக்கிடுதேன்."

டிங்கர் அண்ணாச்சி வண்டியைத் தரையில் நிறுத்தியபடியே கீல் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் மெல்லிய தகடுகளைச் செருகினார். சந்தன நிறம் பாளம் பாளமாக உதிர்ந்தது. கதவின் பாரத்தை அத்தான்தான் தாங்கிப் பிடித்திருந்தார், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. கல்யாண அட்டை மேலிருந்து கீழே வழுக்கி ஓடியது.

ஈரச் சேலையோடு அக்கா ஏறி உட்கார்ந்தாள். அத்தான் தள்ளினார். ஒரு மூச்சு விட்டு, கதவு மூடிக்கொண்டது.

அக்கா கண்ணாடியை இறக்கினாள். "மூணு வெரலு."

"மூணாவது சும்மா தொணைக்கு வந்துச்சு."

இப்போதும் அவரைக் கண்டால் எனக்கு ஆகாதுதான். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள்.