டாங்கி நிபுணரும் பள்ளத் துண்டும்

பாரம் கூடிய சாமான் சேற்றில் தாழும், பாரம் குறைந்தது தாழாது. போன மாசி மாதம் வரைக்கும் இதை நான் முழு மனதோடு நம்பியிருந்தேன். நம்பினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இந்த ஒற்றை நம்பிக்கையை வைத்துக்கொண்டு உலகத்திலுள்ள யுத்த டாங்கிகளுக்கெல்லாம் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் வயலால் வந்து கால் கழுவிவிட்டுக் கதிரையில் சாய்ந்தால் எனக்கு யூரியூப்பில் டாங்கி பார்க்க வேணும். மற்ற மனிசர் கிரிக்கெட் பார்ப்பார்கள். ஏன் உனக்கு மட்டும் டாங்கி என்று கேட்டால், யுத்தம் நடந்த என் இளவயதில் எனக்கு அதைச் சத்தத்தால் மட்டும்தான் தெரியும். தூரத்தில் உறுமினால் எந்தப் பக்கம் வருகிறது, ஊரைவிட்டு ஓட முதல் சைக்கிளில் இன்னும் ஒரு மூட்டை ஏற்ற நேரமிருக்கிறதா என்று சொல்லக்கூடிய காது எங்கள் ஊர் முரசுமோட்டையில் எல்லாருக்கும் இருந்தது. நின்று நிதானித்து அந்தச் சாமானைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை. இப்போது அதே சாமானை, கையில் பிளேன்ரீயோடு, விரும்பின இடத்தில் நிறுத்தி, பின்னுக்கு இழுத்துத் திரும்பவும் பார்க்கலாம். அந்தச் சந்தோசம் சொல்லி விளங்காது.

பக்கத்துக் கதிரையில் மச்சான் இருப்பான். என் மனிசியின் தம்பி. கிளிநொச்சியில் கராஜ் வைத்து உழவு மிசின் திருத்துகிறவன். அவன் கேள்வி கேட்பான், நான் விரிவுரை நடத்துவேன்.

டாங்கி கட்டுகிறவனுக்கு மூன்று ஆசை. தடித்த கவசம், பெரிய பீரங்கி, நல்ல ஓட்டம். மனிசியின் குசினியில் சட்டி மூன்று, அடுப்பு இரண்டு. ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்கத்தான் வேணும். டாங்கியும் அப்படித்தான். ரஷ்யன்காரன் டாங்கியை உயரம் குறைத்துப் பதிவாய், சின்னதாய்க் கட்டினான். எதிரிக்குக் குறி வைப்பது கஷ்டம். குண்டு போடுகிற ஆளைக் குறைத்து அந்த வேலையை ஒரு மிசினிடம் கொடுத்தான். உள்ளே மூன்று பேர் போதும். ஆனால் குண்டுகளை அந்த மூன்று பேருக்கும் கீழேயே வட்டமாய் அடுக்கி வைத்தான். அதில் ஒன்று பற்றினால் மேல் மூடி தென்னை உயரத்துக்குப் போகும். அமெரிக்கன்காரன் குண்டுகளைப் பின்னுக்குத் தனி அறையில் பூட்டி வைத்தான். வெடித்தாலும் வெளிப்பக்கமாய்ப் போகட்டும் என்று. ஆள் தப்புவான். ஆனால் டாங்கி அறுபது தொன்னைத் தாண்டிவிட்டது. பாலம் தாங்குமா என்று பார்த்துப் பார்த்துத்தான் போகவேணும், எண்ணெயும் தண்ணிமாதிரிக் குடிக்கும். இஸ்ரேல்காரன் எஞ்சினையே முன்னுக்கு வைத்தான். அடி எஞ்சினுக்கு விழட்டும், ஆள் பின்கதவால் இறங்கி ஓடட்டும் என்று.

"இவன்தான் அத்தான் எங்கடை ஆள்" என்றான் மச்சான். "ஓடுறதுக்குக் கதவு வைச்சுக் கட்டியிருக்கிறான்."

"எல்லாரும் தடிச்ச கவசத்தை முன்னுக்குத்தானே வைக்கிறாங்கள்" என்றேன் நான். "எங்களைக் கேட்டிருந்தால் பின்னுக்கு வைக்கச் சொல்லியிருப்பம். நான் என்ரை வாழ்க்கையிலை டாங்கிக்கு முதுகைத்தான் காட்டியிருக்கிறன்."

மனிசிக்குப் பிடித்த டாங்கி ஒன்றே ஒன்றுதான். பிரித்தானியருடையது. அதற்குள்ளே தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற பெட்டி பூட்டியிருக்கிறது என்று சொன்ன அன்று, அவா அரிசி அரிக்கிறதை விட்டுவிட்டு வந்து பார்த்தா. "அவன் ஆம்பிளை. தனக்குத் தானே தேத்தண்ணி வைக்கிறான்" என்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டா. அந்த வாரம் முழுக்க எனக்குத் தேத்தண்ணி தாமதமாய்த்தான் வந்தது.

நானும் மச்சானும் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருந்தது. சேறு. அறுபது தொன் டாங்கி சேற்றில் கட்டாயம் தாழும், நாற்பது தொன்காரன் சிரித்துக்கொண்டு போவான் என்பது என் தீர்ப்பு.

"பாரத்தை மட்டும் பாராதேங்கோ அத்தான். அது உருளுற செயினின்ரை அகலம், நீளம் எல்லாம் பாக்கவேணும். பாரத்தை எவ்வளவு நிலத்திலை பரப்புறான் எண்டதுதான் கதை."

"அறுபது தொன்னைப் பாயிலை விரிச்சாலும் அறுபது தொன்தான்" என்று நான் வழக்கை முடித்துவிடுவேன். வீடு என்னுடையது, போன் என்னுடையது, தீர்ப்பும் என்னுடையது.

இப்படியிருக்கையில் மாசி மாதம் பெரும்போகம் வெட்டுக்கு வந்தது. எனக்கு மேட்டுக் காணி பிரச்சினை இல்லை. வாய்க்காலை ஒட்டி ஒரு பள்ளத் துண்டு இருக்கிறது. இரண்டு ஏக்கர். வீட்டுச் சாப்பாட்டு நெல்லும் அடுத்த போகத்து விதைநெல்லும் எனக்கு அதிலிருந்துதான். அந்த முறை நெல் நன்றாய் விளைந்து, பாரம் தாங்காமல் கதிர் சாய்ந்து கிடந்தது. அடியில் தண்ணி வடியவில்லை. மூன்று நாளில் மழை என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். சாய்ந்த கதிர் நனைந்தால் வயலிலேயே முளைத்துவிடும். பிறகு அது சாப்பாடுமில்லை, விதையுமில்லை.

அதற்கு முந்தின வருசம் இதே துண்டில் டயர் பூட்டின வெட்டு மிசினை இறக்கிக் கெட்டுப்போனவன் நான். டயர் மிசின் றோட்டால் தானே ஓடி வரும், வேகமாய் வெட்டும். ஆனால் ஈரத்தில் இறங்கினால் இருந்துவிடும். இரண்டு உழவு மிசின் கட்டி இழுத்து, மூன்றாம் நாள்தான் ஏறியது. இழுத்த இழுவையில் அரைவாசி நெல் சேற்றுக்குள். அதனால் இந்த முறை செயின் மிசினுக்குச் சொல்லியிருந்தேன். அது றோட்டில் ஓடாது, ஓடினால் செயின் தேய்ந்துவிடும். டாங்கியைப்போல லொறியில் ஏற்றித்தான் கொண்டுவர வேணும். வெட்டுகிற வேகமும் குறைவு. நல்லது எதையும் சும்மா தரமாட்டார்கள்.

மிசின்கார நானா முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் ஆள்; அவையளில் மூத்தவரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவது. இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்து, திரும்பி வந்து, சொந்தமாய் மிசின் வாங்கித் தானே ஓட்டுகிறவர். காலை ஒன்பது மணிக்கு லொறியிலிருந்து மிசினை இறக்கினார். நான் எதிர்பார்த்ததை விடப் பெரிசு.

எங்கள் பக்கத்தில் தெரியாத வயலுக்குள் எவரும் மிசினை நேரே இறக்கமாட்டார்கள். வயல்காரன் முதலில் இறங்கி நடக்கவேணும். கணுக்கால் மட்டும் தாழ்ந்தால் டயர் மிசின் போகும். கெண்டைக்கால் மட்டும் என்றால் செயின் மிசின். முழங்கால் தொட்டால் கதை முடிந்தது. லொறி திரும்பிவிடும்.

"தம்பி, ஒருக்கா இறங்கி நடவுங்கோ பாப்பம்" என்றார் நானா.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அடி கெண்டைக்கால். மூன்றாவது அடி முழங்கால்.

"நானா! இறக்காதேங்கோ! லொறியிலை ஏத்துங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் வாய்க்கால் கொக்கெல்லாம் எழும்பிவிட்டது. "இவ்வளவு பாரம் இதிலை நிக்காது! என்னையே தாழ்க்குது, மிசினை விடுமோ?"

கரையில் குந்தியிருந்த மச்சான் எழும்பினான். "அத்தான், நீங்கள் எத்தினை கிலோ?"

"அதேன் இப்ப?"

"சொல்லுங்கோவன்."

"தொண்ணூறு."

"நூற்றியெட்டு" என்று வரம்பில் தேத்தண்ணிப் போத்தலோடு வந்துகொண்டிருந்த மனிசி சொன்னா. "போன கிழமை கிளினிக்கிலை நிறுத்தவை. நானும் பக்கத்திலைதான் நிண்டனான்."

மச்சானுக்கு இதுதான் தேவைப்பட்டது. எத்தனை மாதம் பொறுத்திருந்தானோ தெரியாது. "நூற்றியெட்டுக் கிலோவையும் ஒரு குதிக்காலிலை ஊண்டி நடக்கிறியள். அமெரிக்கன்காரன் அறுபது தொன்னையும் ரெண்டு செயின் நீளத்துக்கும் பரப்பி வைக்கிறான். ஒரு உள்ளங்கை நிலத்துக்கு அவன் அமத்துறதை விட நீங்கள் அமத்துறது கூட, அத்தான். நானான்ரை மிசின் உங்களிலை பாதியும் அமத்தாது."

"யூரியூப் கணக்குச் சேத்திலை நிக்காது!" என்று கத்தினேன். அந்தக் கணக்கையெல்லாம் இவ்வளவு காலமும் பார்த்து ரசித்தவன் நான் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன். "ஆளைப் பிடிச்சுக் கையாலை வெட்டுவிப்பம்."

"எந்த ஆளை?" என்றா மனிசி. சரியான கேள்வி. வெட்டுக் காலத்தில் கையால் வெட்ட ஆள் பிடிக்கிறதை விட டாங்கி ஒன்று பிடிப்பது சுகம்.

நானா மிசினில் சாய்ந்து நின்று பார்த்தார். "தம்பி, எனக்கு இந்தக் கிழமை முழுக்க வேறை வயல் இருக்கு. வெட்டுறதெண்டால் இப்ப. இல்லையெண்டால் அடுத்த கிழமைதான் வருவன். பிறகு என்னைக் குறை சொல்லப்படாது."

அடுத்த கிழமை வந்தால் அவர் நெல் வெட்டமாட்டார், நாற்றுத்தான் வெட்டுவார். எனக்கு அது விளங்கியது. ஆனால் முந்தின வருசம் டயர் மிசின் புதைந்து நின்ற கோலமும் கண்ணுக்குள் நின்றது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, ஓம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சேற்றுக்குள் நின்று தலையை ஓமென்றும் இல்லையென்றும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மனிசி போத்தலை வரம்பில் வைத்தா. சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கி, என்னைக் கடந்து துண்டின் நடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தா. கணுக்காலுக்கு மேல் நாலு விரல், அவ்வளவுதான்.

"இறக்குங்கோ நானா" என்றா. "நிலத்திலை பிழையில்லை. கால்தான் பிழை."

நானா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து மிசினில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். செயின் கரகரவென்று உருளத் தொடங்கியது.

அந்தச் சத்தம் கேட்டால் என் உடம்புக்கு மூளை தேவையில்லை. தானாய் ஓடும். அன்றும் ஓடியது. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாய்ச் சத்தத்தின் பக்கமாய் ஓடியது. மிசினுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. "பாலம் தாங்காது, பாலம் தாங்காது" என்று கத்தினதாக மச்சான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறான். எங்கள் வயலில் பாலம் இல்லை.

நானா மிசினை நிறுத்தினார். "தம்பி, விலத்துங்கோ."

"ஏலாது நானா."

"இன்னும் பயமோ?"

"இல்லை. கால் வருகுதில்லை."

இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் போயிருந்தது. ஒன்றை இழுத்தால் மற்றது இன்னும் தாழ்ந்தது. நானா மிசினை மெல்ல வலப்பக்கம் திருப்பி, என்னைச் சுற்றிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். அத்தனை பாரமான சாமான் எனக்கு ஒரு பாகம், இரண்டு கையும் விரித்த தூரம் தள்ளி, கோயில் தேர்மாதிரி ஆடாமல் அசையாமல் போனது. நான் நடுவில், ஒரு பாய் அகல நெல்லுக்குள், தலையிலும் மீசையிலும் கூளத்தோடு நின்றேன். ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் நானா கையைத் தூக்கி மரியாதையாய்ச் சலாம் வைத்துவிட்டுப் போனார்.

பயம் எப்போது போனது என்று சரியாய்ச் சொல்ல முடியாது. மூன்றாம் சுற்றில் நெல் கொட்டுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் மிசினின் பின்பக்கம் பொன்னிறமாய் வைக்கோல் விழுந்துகொண்டிருந்தது. நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். சிரிக்கச் சிரிக்க இன்னும் ஒரு அங்குலம் தாழ்ந்தேன்.

மச்சான் வாய்க்காலுக்குக் குறுக்கே கிடந்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "படுங்கோ அத்தான். நெஞ்சு, வண்டி வயிறு எல்லாம் பலகையிலை. பாரத்தைப் பரப்புங்கோ."

"இதுதானே நான் உனக்கு எப்பவும் சொல்லுறது" என்றேன்.

"ஓம் ஓம். இனிக் காலை மெல்ல இழுங்கோ."

குப்புறப் படுத்து, ஒரு காலாய் இழுத்து, முதலைமாதிரி ஊர்ந்து வரம்புக்கு வந்தேன். மனிசி தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் நின்ற இடத்து நெல்லை மிசினுக்கு வைக்காமல் தானே அரிவாளால் வெட்டி எடுத்தா.

பின்னேரம் மூன்றரைக்குள் பள்ளத் துண்டு முழுவதும் வெட்டி முடிந்தது. மிசின் ஓரிடத்திலும் தாழவில்லை. செயின் போன தடம் நாலு விரல் ஆழம்கூட இல்லை. மூன்றாம் நாள் மழை தொடங்கியபோது நெல் எங்கள் விறாந்தையில் தறப்பாள் விரிப்பின் மேல் காய்ந்து கிடந்தது.