பூம்பாறைப் படிகளில் அப்பா

நாங்கள் வாடகைக்குக் குடிபோகவிருந்த வீட்டின் உரிமையாளர் என்னிடம் பொய் சொன்னார். “வேன் வாசல் வரைக்கும் வருங்க” என்றார். அதை நம்பி, போய்ப் பார்க்காமலே வேன் பிடித்தது என் முட்டாள்தனம்.

பூம்பாறையில் வேன் நின்ற இடத்திலிருந்து வீடுவரை செங்குத்தான படிகள். வேனுக்குள் கட்டில், பீரோவோடு இடுப்பு ஒடிந்த அப்பா படுத்திருந்தார். மழை வேறு பிடித்துக்கொண்டது. பூண்டு மூட்டைகளோடு இறங்கி வந்த பெண்களிடம், “வழிய விடுங்க!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர்களில் மூத்தவர் மூட்டையை இறக்கினார். “ஏலே, கத்தாத. பீரோ நனஞ்சா நனையட்டும். மொதல்ல பெரியவர வெரசா ஏத்துவோம்.”

கட்டில் பலகையில் அப்பாவைக் கிடத்தினார்கள். முன்னால் இருவர் பலகையை இடுப்பளவில் பிடித்தார்கள். பின்னால் இருவர் சும்மாடு வைத்துத் தலையில் தாங்கினார்கள். அத்தனை செங்குத்திலும் பலகை துளிகூடச் சாயவில்லை.

“மூட்டையவிட லேசாத்தான் இருக்காரு. சோறு போடுறியா, இல்லையா?” என்றார் ஒருவர்.

“தரையில போற மாதிரி இருக்குடா” என்று அப்பா சிரித்தார். நான் வாய் பிளந்து பின்னால் ஏறினேன். அப்படி ஒரு நடையை அதுவரை நான் பார்த்ததில்லை. அவர்களிடமா கத்தினேன் என்று இன்றும் கூசுகிறது.

வீட்டு உரிமையாளரே, அடுத்த ஊர்க்கூட்டத்தில் அந்தப் பெண்கள் முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள்: அவர்கள் வராதிருந்தால் என் அப்பாவை எப்படி ஏற்றியிருப்பீர்கள்?