ஆறு மணிக்கு மாறும் நாள்

விருது மேடையில் யாரும் சொல்லாத இசைவாணியின் பெயர், வயல் காய்ந்தவுடன் ஊரார் வாயிலெல்லாம் வந்துவிட்டது.

"உம் மவ கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குல என் நடவு வெடிச்சுக் கெடக்கு, அம்சம்!" என்று வீட்டு வாசலில் நின்று கத்தினார் நல்லக்கண்ணு. நன்னிலம் பக்கத்துக் கடைமடைக் கிராமம் அது. அவருடைய சம்பா நட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா போனில் சொல்லிச் சொல்லி அழுததைக் கேட்ட இசைவாணிக்குக் காது சுட்டது.

அம்சம் ஊரார் வயலில் நாற்று நட்டு மகளைப் படிக்க வைத்தவர். இன்று சொந்தமாக மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் வைத்திருக்கிறார். மகள் பொறியியல் முடித்துப் பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்தாள். திரையில் தெரிவது மற்றவர்கள் வேலை. பின்னால் சர்வரில் ஓடுவது அவள் வேலை. ஒரு செய்தி தொலையாமல், இரண்டு தடவை போகாமல், உரியவரிடம் சேர வேண்டும். ஒன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள், இப்போது தஞ்சாவூர் வீட்டிலிருந்தே.

அந்தக் கைப்பழக்கத்தில் எழுதியதுதான் 'மடை'. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் ஊரில் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். யாருடைய முறை எப்போது என்று போனுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் அது. ஞாயிறுகளில் எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் போட்டாள். எழுதியவர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்கக் கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. இரண்டு வருஷம் அவள் சர்வரிலிருந்தே ஊருக்குச் செய்தி போனது. ஒடிசாக்காரர் ஒருவர்கூடத் திருத்தம் அனுப்பினார்.

பிறகு ஒரு புது நிறுவனம் அதை அப்படியே எடுத்து ஆப் செய்து, "எங்கள் கண்டுபிடிப்பு" என்று விருதும் வாங்கியது. ஊர் அந்த ஆப்புக்கு மாறியது; அதுவும் அவள் போட்ட கணக்குதான் என்றே ஊரார் நினைத்தார்கள். மூன்று மெயில் போட்டாள். பதில் இல்லை.

இப்போது நேராகப் போனே போட்டாள். எடுத்தவர் அந்த நிறுவனத்தின் பிரபு.

"உங்க ஆப்பு நல்லக்கண்ணு மாமாவ ஒரு நாள் முன்னாடியே வரச் சொல்லி, அவரோட விடியக்கால முறை தவறிப்போச்சு. முறைக்கு நாள் காலைல ஆறு மணிக்கு மாறும். செவ்வாய் முறைன்னா புதன் விடியக்காலம் ஆறு வரைக்கும் செவ்வாய்தான்."

"அது ஏதோ பக், தப்புன்னு நெனச்சோம் மேடம். நாள் பன்னெண்டு மணிக்குத்தானே மாறும்? எங்க டீம் திருத்திட்டாங்க."

"திருத்துனீங்களா? ஏன் ஆறு மணின்னு புரோகிராம்ல பக்கத்துலயே பதினோரு வரி எழுதி வெச்சிருந்தேனே!"

"தேவையில்லாத கமெண்ட் எல்லாம் கிளீன் பண்ணிட்டோம்."

"எம் பேரையும் சேத்தா?"

பிரபு செருமினார். "ஓப்பன் சோர்ஸ்தானே மேடம்... பேருக்குப் போயி இப்படி. ஒரு சின்ன ஃபிக்ஸ் போட்டுக் குடுங்களேன், கம்யூனிட்டிக்காக."

"கம்யூனிட்டி எங்கம்மாவ வாசல்ல நிக்க வெச்சுத் திட்டிட்டுப் போவுது சார். பேர மொதல்ல போடுங்க. அதுவரைக்கும் ஒரு வரி கெடையாது."

சொல்லிவிட்டாளே தவிர, நல்லக்கண்ணுவின் அடுத்த முறை வெள்ளிக்கிழமை. தண்ணீர் யாருடைய வீம்புக்கும் நிற்காது. அன்றே தன் பழைய சர்வரை உயிர்ப்பித்துத் தன் பெயரிலேயே செய்தி அனுப்பினாள்.

சாயங்காலம் நல்லக்கண்ணுவே கூப்பிட்டார். "ரெண்டு மெசேஜ் வந்திருக்கும்மா. ஆப்பு வெள்ளி வெள்ளனேங்குது, ஒன்னோடது சனி வெள்ளனேங்குது. எத நம்புறது?"

"வெள்ளி முறை எப்ப முடியும் மாமா?"

"சனி காலைல ஆறுக்கு. இது தெரியாமயா ஆப்பு செஞ்சானுவோ?"

"தெரிஞ்சத அழிச்சிட்டுச் செஞ்சாங்க."

சனி விடியலில் அவர் வயலுக்குத் தண்ணீர் ஏறியது. திங்களன்று ஆப்பின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி முளைத்திருந்தது: 'நன்றி, மென்பொருள் சமூகம்.'

இசைவாணி அதைப் படம் பிடித்துக்கொண்டு வக்கீல் ஆஷ்லினிடம் போனாள். "சமூகத்துக்கு நன்றி சொல்லிக்கட்டும், நான் வேணாங்கல. எழுதுன ஆளு இசைவாணி. அத எழுதச் சொல்லி நோட்டீஸ் அடிங்க வக்கீலம்மா."